ஒன்றரை நாள் சித்தி

எனக்கு ஒரு சித்தி இருந்தாள். மொத்தம் ஒன்றரை நாள். ஒரு சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்குக் கிடைத்தாள், மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போய்விட்டாள். அந்த ஒன்றரை நாளும் அவளை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். அன்றைய அவளைவிட இன்றைக்கு எனக்கு வயது கூடிவிட்டதால் 'அவள்' என்று எழுதிக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று ஒரு நம்பிக்கை.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. பள்ளியின் சாரணியர் படையில் அல்லி அணிக்கு நான்தான் தலைவி. தலைவி என்றால் ஆறு பேருக்கு. அந்த ஆறு பேரில் ஒருத்தி என் பேச்சைக் கேட்கவே மாட்டாள், ஆகவே ஐந்து பேருக்கு. நீலச் சீருடை, கழுத்தில் ஸ்கார்ஃப், இடுப்பில் சுருட்டி மாட்டிய கயிறு, சட்டைப் பையில் விசில். இவ்வளவையும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் ஊரைக் காப்பாற்றும் பொறுப்பே என்னிடம் வந்துவிட்டதுபோல் இருக்கும். எங்கள் ஊரான வடக்குப்பட்டில்தான் காப்பாற்றுகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை.

படையை நடத்தியவர் எங்கள் அறிவியல் ஆசிரியை. படை வழக்கப்படி அவர் கேப்டன், பள்ளி வழக்கப்படி மிஸ். நாங்கள் இரண்டையும் சேர்த்து கேப்டன் மிஸ் என்போம். அந்த வருஷம் அவர் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்: குடும்ப முகாம். சனி, ஞாயிறு இரண்டு நாள். கூடாரம், சமையல், விளையாட்டு எல்லாம் குடும்பத்தோடு. ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு பெண்ணுடனும் வீட்டுப் பெரியவர் ஒருவராவது வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்றிவந்த பஸ்ஸிலேயே அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் அது சாதாரண நிபந்தனை இல்லை. அப்பா பிரேக் தயாரிக்கும் கம்பெனியில், அம்மா போன் சார்ஜர் கம்பெனியில் பேக்கிங் லைனில். இருவரும் வெவ்வேறு ஷிப்ட். ஒருவர் வீட்டுக்குள் நுழையும்போது மற்றவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும் வாசற்படியில்தான். இருந்தாலும் அப்பா ஒரு மாதத்துக்கு முன்பே லீவு சொல்லி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். சனிக்கிழமை எல்லோரும் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அம்மாவுக்கும் அன்றைக்கு இரண்டாம் ஷிப்ட். நான் அழுத அழுகையில் மாடியில் குடியிருந்தவர்கள் இறங்கிவந்து விசாரித்தார்கள்.

கடைசியில் அப்பாதான் வழி கண்டுபிடித்தார்.

"நீ பாட்டுக்கு ஏறி ஒக்காந்துக்கோ. மிஸ்ஸு கேட்டா அப்பா பின்னாடி வண்டில வந்துகினு கீறாருன்னு சொல்லு. பொய் இல்ல அது. சாயங்காலம் வந்துடப் போறேன் இல்ல?"

சாரணியர் சட்டத்தில் முதலாவதே நம்பத்தகுந்தவளாக இருக்க வேண்டும் என்பதுதான். அதை அப்பாவுக்கு நினைவுபடுத்தலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அம்மா மூன்று பேர் சாப்பிடும் அளவுக்கு எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக் கொடுத்தாள். என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அப்பா தன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

எங்களுக்கு அமர்த்தியிருந்ததும் கம்பெனி பஸ்தான். ஷிப்டுகளுக்கு ஆள் ஏற்றுகிற வண்டி, அன்றைக்கு மட்டும் எங்களுக்கு. டிரைவர் தன் வழக்கமான நடையை வேறொருவரிடம் ஒப்படைத்திருந்தார். ஆனால் முன்கண்ணாடியில் இருந்த ரூட் பலகையை எடுக்க மறந்துவிட்டார். ஒரகடம் கூட்டுரோட்டில் இரண்டு குடும்பங்களை ஏற்றிக்கொள்ள வண்டி நின்றது. இரவு ஷிப்ட் முடிந்து ஆட்கள் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு மாறுகிற நேரம் அது. அந்தக் குடும்பங்களின் பின்னாலேயே ஒரு பெண்ணும் ஏறினாள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சின்னப் பை, கண் பாதி மூடியிருந்தது. நேராகக் கடைசி வரிசைக்குப் போய், ஜன்னலில் தலையைச் சாய்த்து, பஸ் கிளம்புவதற்குள் தூங்கிவிட்டாள்.

ஒவ்வொரு குடும்பமும் அவளை இன்னொரு குடும்பத்து ஆள் என்று நினைத்துக்கொண்டது. டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்திருக்கிறார். தினமும் அதே சீட்டில் அதே மாதிரி தூங்குகிற முகம். அது அங்கே இல்லாதிருந்தால்தான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

முகாம் நடந்த இடம் சேரப்பணஞ்சேரி தாண்டி ஏரிக்குப் பக்கத்தில், விற்காமல் கிடந்த ஒரு மனைப்பிரிவு. பெரிய வளைவு, எங்கேயும் போய்ச் சேராத சிமென்ட் ரோடு, வரிசையாக எண் எழுதிய எல்லைக் கற்கள், நடுவில் நாலைந்து வேப்பமரம். கேப்டன் மிஸ்ஸுக்குத் தெரிந்தவருடைய இடம். எங்களை இறக்கி வரிசையில் நிறுத்தி, கையில் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியும் தன் வீட்டாரோடு முன்னால் போய் நின்றாள். என் முறை வந்தபோது நான் மூன்று சாப்பாட்டு டப்பாவோடு தனியாக நின்றேன்.

அப்பா பின்னால் வருகிறார் என்றேன். எப்போது என்றார் மிஸ். சாயங்காலம் என்றேன். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. அப்படியானால் இப்போது இந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் அப்பாவோடு வா என்றார். சாயங்காலம் வந்து என்ன பிரயோசனம்? கொடியேற்றம் முடிந்திருக்கும், கூடாரப் போட்டி முடிந்திருக்கும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, நான் போய்விட்டால் அல்லி அணிக்கு யார் தலைவி? அந்தப் பேச்சுக் கேட்காதவள்தான். அவள் இப்போதே என் விசிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் வண்டியைத் திருப்புவதற்குமுன் உள்ளே ஒரு சுற்றுப் பார்க்கப் போனார். அவருடைய குரல் வெளியே கேட்டது.

"இன்னாமா இது! எந்திரிமா. இது ஆஸ்டல் இல்ல."

அவள் இறங்கி வந்தாள். வேப்பமரத்தைப் பார்த்தாள், கொடிக்கம்பத்தைப் பார்த்தாள், நீலச் சட்டையில் நிற்கும் முப்பது பெண்களைப் பார்த்தாள். இன்னும் கனவு முடியவில்லை என்று நினைத்தவளைப் போலத் திரும்பி பஸ்ஸையும் பார்த்தாள்.

இவர் யார் என்று கேப்டன் மிஸ் கேட்டார். குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. டிரைவர் தலையைச் சொறிந்தார். எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை.

"என் சித்தி மிஸ்," என்றேன். "தூங்கிகினு இருந்தாங்க."

இத்தனைக்கும் இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் மூன்று விரலை உயர்த்திச் சாரணியர் வணக்கம் வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த மூன்று டப்பாவைப் பார்த்தாள். என் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றதையும் பார்த்திருப்பாள். திரும்பிப் போக பஸ் தயாராக நின்றது. ஏறிக்கொண்டால் போதும்.

"ஆமா மிஸ்," என்றாள். "நைட்டு ஷிப்ட் முடிச்சிட்டு அப்படியே வந்துட்டேம்லா, அதான் தூங்கிட்டேன்."

மிஸ் அவள் பெயரைக் கேட்டு என் பக்கம் திரும்பினார். நான் அவள் கழுத்து அட்டையைப் பார்த்து வாசித்தேன். உன் அம்மாவுக்குச் சொந்த ஊர் இந்தப் பக்கம்தானே, சித்தி பேச்சு தெற்கத்திப் பேச்சாக இருக்கிறதே என்றார் மிஸ். நான் கொஞ்சமும் தயங்கவில்லை.

"சித்தி மட்டும் திருநெல்வேலி மிஸ்."

மிஸ் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பஸ் கிளம்பிப் போனது. என் பொய்த் திறமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. சித்தி என் காதருகே குனிந்தாள்.

"ஏட்டி, நான் உங்கம்மைக்குத் தங்கச்சியா, உங்கப்பாவுக்குத் தம்பி பொண்டாட்டியா? மொதல்ல அதச் சொல்லு. எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல, பாத்துக்க."

அம்மாவின் தங்கை என்று முடிவுசெய்தோம். அடுத்த கேள்வி, டப்பாவில் என்ன இருக்கிறது என்பது. காலை ஒன்பது மணிக்கே இரண்டு டப்பாவைக் காலிசெய்தாள். உருளைக்கிழங்கு வறுவலின் கடைசித் துண்டை மட்டும் எனக்கு வைத்தாள். எலுமிச்சம்பழச் சோற்றுக்காகத்தான் அவள் பஸ்ஸை விட்டாள் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூடாரம் போட ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மனை. யார் எதில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று கேப்டன் மிஸ் சொன்னதுதான் அன்றைக்கு அவர் செய்த ஒரே தவறு. அங்கே வந்திருந்த அப்பாக்கள் எல்லோரும் பத்து வருஷமாக ஒரு மனை வாங்கக் கனவு கண்டுகொண்டிருந்தவர்கள். ஒரு ராத்திரி தங்கப்போகிறோம் என்பதையே மறந்துவிட்டார்கள். கிழக்குப் பார்த்த மனைக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். மூலை மனை எனக்கு என்று ஒருவர் துண்டைப் போட்டு வைத்தார். தென்மேற்கு மூலை தாழ்ந்திருக்கிறது, இங்கே படுக்க முடியாது என்று ஓர் அம்மா கூடாரத் துணியைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மனைக்கு நடந்தார். யாரோ ஒருவர் காலடியால் அளக்கவே ஆரம்பித்துவிட்டார். மிஸ் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார்.

சித்திக்கு வாஸ்து எல்லாம் கிடையாது. வேப்பமர நிழல் விழுகிற மனை ஒன்று யாருக்கும் வேண்டாமல் இருந்தது. எண் நாற்பத்தொன்று. அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள்.

போட்டி தொடங்கியதும்தான் சங்கதி தெரிந்தது. மனையெல்லாம் சரளைக்கல் கொட்டி இறுக்கிய தரை. முளைக்குச்சி இறங்கவில்லை. அப்பாக்கள் கல்லால் அடித்தார்கள், குச்சி உடைந்தது. இன்னொரு கல்லால் அடித்தார்கள், விரல் நசுங்கியது. சித்தி ஒரு குச்சியை மட்டும் எடுத்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத் தூரப் போட்டாள். நாலு மூலையிலும் சிமென்ட் போட்டு நட்டிருந்த எல்லைக் கற்களைப் பார்த்தாள். என் இடுப்புக் கயிற்றையும், அணிப் பெண்கள் எல்லோருடைய கயிற்றையும் வாங்கி நீளமாக முடிந்து அந்தக் கற்களிலேயே இழுத்துக் கட்டிவிட்டாள். அவள் கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கும் லைனில் வேலை செய்தவள். ஒரு நாளைக்கு ஆயிரம் முறை வளைத்து இழுத்து இறுக்கிய விரல்கள். நான் தலைவி என்ற மரியாதைக்கு ஒரே ஒரு முடிச்சை என்னைப் போடவிட்டாள். பிறகு நான் பார்க்காதபோது அதையும் அவிழ்த்துச் சரியாகப் போட்டாள்.

எங்கள் கூடாரம்தான் முதலில் நின்றது, முதலிடம் அல்லி அணிக்கு. எல்லைக் கல்லில் கட்டலாமா என்று மூலை மனைக்காரர் ஆட்சேபணை கிளப்பினார். கூடாது என்று விதியில் இல்லை என்றார் மிஸ். அரை மணி நேரத்தில் எல்லோரும் கல்லில்தான் கட்டினார்கள். அந்தப் பேச்சுக் கேட்காதவள்கூட என் சித்தியிடம் வந்து, அக்கா எங்களுக்கும் கட்டிக் கொடுங்க என்று கெஞ்சினாள். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை வாழ்க்கையில் சில தடவைதான் பட்டிருக்கிறேன்.

அதன் பிறகு சித்திக்கு ஒரு போன் பேச வேண்டியிருந்தது. அவள் தங்கியிருந்த விடுதியில் வார்டன் அனுமதி இல்லாமல் ஓர் இரவு வெளியே தங்க முடியாது. சொந்தக்காரர் யாராவது போனில் பேசினால்தான் அனுமதி. தன் சித்தி வீட்டில் இருக்கிறேன் என்று நம் சித்தியும் ஒரு பொய்யைச் சொன்னாள். அந்தச் சித்தியிடம் போனைக் கொடு என்றார் வார்டன். சித்தி என்னைப் பார்த்தாள். எனக்குப் பன்னிரண்டு வயது, குரல் அதற்கும் கீழே. பக்கத்தில் கயிறு எண்ணிக்கொண்டிருந்த கேப்டன் மிஸ் எழுந்துவந்து, கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"ஆமாங்க, சொந்தக்காரங்ககூடத்தான் இருக்கா. நாளைக்கு மத்தியானம் நானே பஸ்ல ஏத்தி அனுப்பறேன். என் பொறுப்பு."

மிஸ் நன்றாக ஏமாந்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

பிறகு சித்தி தூங்கினாள். பதினோரு மணியிலிருந்து வாயைத் திறந்துகொண்டு, உலகமே இடிந்து விழுந்தாலும் தெரியாத தூக்கம். நாங்கள் அவள் காலடியில் உட்கார்ந்து அவல் பிசைந்தோம். பெயரைக் கூப்பிட்டும் அசையவில்லை. மூன்று மணிக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த ஏதோ கம்பெனியில் சங்கு ஊதியது. சித்தி சட்டென்று எழுந்தாள். அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், பையை மாட்டினாள், விடுவிடுவென்று நடந்து சிமென்ட் ரோட்டின் ஓரத்தில் போய் நின்றாள். வேடிக்கை என்னவென்றால் அவள் மட்டும் இல்லை. சீட்டாடிக்கொண்டிருந்த அப்பாக்களில் நாலு பேர் சீட்டைக் கீழே போட்டுவிட்டு வந்து அவள் பின்னால் வரிசையில் நின்றிருந்தார்கள். ஐந்து பேரும் பஸ் வரும் திசையைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது சித்திதான். சிரிப்பு தாங்காமல் அந்த ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்தரை மணிக்கு அப்பாவின் வண்டி வளைவுக்குள் நுழைந்தது. அந்த நிமிஷம் வரை அப்பா வருவார் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். நாங்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தோம், சித்தி எதிரணியில் மூன்று அம்மாக்களைத் தரையில் சாய்த்திருந்தாள். கேப்டன் மிஸ் அப்பாவை எதிர்கொண்டு, உங்கள் மச்சினிச்சி காலையிலேயே வந்துவிட்டாரே என்று சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. அம்மா ஒரே பெண். அப்பாவுக்கு மச்சினிச்சி என்று இந்த உலகத்தில் யாரும் கிடையாது.

அப்பா அவளைப் பார்த்தார். மண் அப்பிய முகம், கழுத்தில் அட்டை, தூக்கம் கெட்டுச் சிவந்த கண். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஸ்கார்ஃபின் நுனியை மென்றுகொண்டிருந்தேன். சித்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஓடிவிடப்போகிறாள் என்று தோன்றியது.

"இன்னாமா," என்றார் அப்பா. "நைட் ஷிப்ட் முடிச்சிகினு நேரா வந்துட்டியா? சாப்டியா எதுனா?"

எனக்கு ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தலைவி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

நெருப்பு மூட்டிப் பாடியபோது அப்பா அவளிடம் எந்தக் கம்பெனி, எந்த லைன், ஊரில் யார் யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். தென்காசிப் பக்கத்துக் கிராமம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பஸ் ஏறி வந்தவள், ஊருக்குப் போய் எட்டு மாதமாகிறது என்பதெல்லாம் அப்படித்தான் தெரிந்தது. அவள் பள்ளியில் ஆடிய கும்மியை எங்களுக்கு ஆடிக் காட்டினாள். முப்பது பெண்களும் அவள் பின்னால் சுற்றிச் சுற்றி ஆடினோம். நடுவில் என் ஸ்கார்ஃபைக் கேட்டு வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அன்றிரவு திருப்பித் தர மறந்தே போனாள். நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் ஷேர் ஆட்டோவில் அம்மா வந்து இறங்கினாள். ஒரு தூக்கு நிறைய இட்லி. அப்பா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அம்மா நேராக மிஸ்ஸிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். மிஸ் சிரித்தார். சொந்தச் சித்திக்கு அக்கா பெண் படிக்கிற பள்ளிக்கூடத்தின் பெயராவது தெரிந்திருக்கும், முதல் அரை மணியிலேயே தெரிந்துவிட்டது என்றார். நான் கூடாரத்துக்குப் பின்னால் நின்று கேட்டேன். எனக்கு அவமானமாகவும் இருந்தது, மிஸ்மேல் என்னவோ ஒரு கோபமாகவும் இருந்தது.

மத்தியானம் அதே பஸ் வந்தது, அதே டிரைவர். ரூட் பலகை கண்ணாடியிலேயே இருந்தது. இந்தத் தடவை வேண்டுமென்றே வைத்திருந்தாராம், பழக்கப்பட்டவங்க ஏறிக்கட்டும் என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார். சித்தி கடைசி வரிசையில், அதே ஜன்னலில் உட்கார்ந்தாள். தூங்கவில்லை. விடுதி வாசலில் இறங்கி, ஸ்கார்ஃபைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே போனாள்.

அம்மா தீபாவளிக்கு அவளைக் கூப்பிட வேண்டும் என்றாள். அப்பா விடுதிக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். அவளோடு ஒப்பந்த வேலைக்கு வந்த பெண்களெல்லாம் அது முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். அவ்வளவுதான். இப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு விடுதி அறையில் இருக்கிறேன். வீட்டுக்குப் போய் ஐந்து மாதமாகிறது. நேற்று என் அறைத்தோழியின் அம்மா வந்திருந்தார். சாப்பிட்டியாம்மா என்று என்னையும் ஒரு வார்த்தை கேட்டார். நான் எதையோ தேடுவதுபோல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது.

இட்லி சாப்பிட்ட பிறகு அம்மா என்னை மடியருகே உட்காரவைத்துத் தலைவாரிப் பின்னிவிட்டாள். அம்மா தலை பின்னினால் புருவம் மேலே ஏறும், அவ்வளவு இறுக்கம். ரிப்பன் கட்டி என்னை எழுப்பிவிட்டு, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தாள். சித்தி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"வா, நீயும் வந்து ஒக்காரு. தல இன்னா இப்டி கீது, சிக்கு புடிச்சிகினு."

வேண்டாம்க்கா என்றாள் சித்தி. பிறகு வந்து உட்கார்ந்தாள். அம்மா உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி உச்சியில் வைத்துத் தேய்த்தாள், சிக்கை ஒவ்வொன்றாக எடுத்தாள், நிதானமாகப் பின்ன ஆரம்பித்தாள். சித்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் பின்னலில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்தது. சத்தமே இல்லை. துடைத்துக்கொள்ளவும் இல்லை. அம்மாவும் பார்த்தாள். பின்னியவரை அவிழ்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பின்னினாள்.

சித்திக்கு அப்போது பத்தொன்பது வயது. எனக்கு அவள் பெரிய மனுஷி. நான் அவள் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்து, அவள் கழுத்தில் கிடந்த என் ஸ்கார்ஃபின் நுனியால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டு, அம்மாவை முறைத்தேன்.

"மெதுவா பின்னுமா," என்றேன். "அவங்களுக்கு வலிக்குது இல்ல?"